ஏழாம் மேசையின் அமிலம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பியூரெட் அக்கா. பியூரெட் என்றால் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற நீளக் கண்ணாடிக் குழாய். ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம், அதனால் அந்தப் பெயர். வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக உதவியாளர். பெயர் முதன்முதலில் காதில் விழுந்த அன்று சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரைக் கூம்புக் குடுவை என்று கூப்பிட்டார்களாம், வயிற்றைப் பார்த்து. அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பதினோரு வருஷமும் பொதுத்தேர்வுக்கு அமிலம் கலந்து வைத்தது அவள்தான். ஒருமுறைகூடக் கூடக்குறைய ஆனதில்லை. வெளிப்பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் அவள் அடுக்கி வைத்த தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் தனி ஆள் கிடையாது என்பதால் தேர்வு நாட்களில் அந்த இரண்டு ஆய்வகங்களும் அவள் தலையில்தான். அப்பேர்ப்பட்டவள் பன்னிரண்டாவது வருஷம் கோட்டை விட்டாள். அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பில்.

அந்த வருஷம் தேர்வர் பட்டியலில் அவள் வீட்டு ஆளும் ஒருத்தி இருந்தாள். பாப்பா. பதினேழு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவது வீட்டில் யாருக்கும் வேடிக்கையாகப் பட்டதில்லை, பிறந்ததிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்காவின் கணவருக்கு முதல் மனைவி வழியில் பிறந்தவள். அந்த அம்மா பாப்பாவுக்கு ஒன்பது வயதிலேயே நோயில் போய்விட்டார். அப்பா அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பவர். மகளை ஆறு வருஷம் தனியாக வளர்த்து, இரண்டரை வருஷத்துக்கு முன்பு, முப்பத்தெட்டு வயதில் கல்யாணமே வேண்டாம் என்று இருந்த அக்காவைக் கட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுல சண்டை சச்சரவே கிடையாது" என்று அவர் போகிற இடமெல்லாம் பெருமை பேசுவார். உண்மைதான். பாப்பா மாதிரி மரியாதையான பெண்ணை எங்கேயும் பார்க்க முடியாது. டீ கொடுத்தால் நன்றி சொல்வாள். குளிர்பெட்டியைத் திறக்கும் முன் "தண்ணி எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பாள், இத்தனைக்கும் அந்தக் குளிர்பெட்டி அக்கா அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்பது. சாப்பிட்ட தட்டைக் கழுவி, அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய தட்டைப் போலத் துடைத்து வைப்பாள். அக்காவை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "ஏங்க", "இங்க பாருங்க", அவ்வளவுதான்.

சித்தி கொடுமை என்று உலகம் பேசும். அந்த வீட்டில் கொடுமை என்னவென்றால், ஒரு கொடுமையும் நடக்காததுதான். மாடி வீட்டு அம்மாவும் மகளும் தினமும் காலையில் சீப்புக்கும் துண்டுக்கும் கத்திக்கொள்வது கூரை வழியாகக் கேட்கும். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் சிரிப்பார்கள், அவளுக்கு அந்தச் சத்தத்தின் மேல் பொறாமை. தன்னோடும் ஒருத்தி அப்படி வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வரமாட்டாளா என்று ஏங்கினாள். விருந்தாளியோடு யாரும் சண்டை போடுவதில்லை. அந்த வீட்டில் தான் விருந்தாளியா, பாப்பா விருந்தாளியா என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு தலைமை ஆசிரியர் வழக்கமான படிவத்தை நீட்டினார். தேர்வுப் பணியாளருக்கு இரத்த உறவினர் எவரேனும் இத்தேர்வை எழுதுகிறார்களா என்று அதில் ஒரு கேள்வி.

"சார், இந்த வருஷம் பாப்பா எழுதுறா" என்றாள் அக்கா.

"இரத்த உறவுன்னுதானே கேட்டிருக்கு? இல்லைன்னு போடுங்க. நீங்க இல்லைன்னா அந்த லேப்ல எனக்கு யாரு இருக்கா?"

இல்லை என்று எழுதினாள். எழுதியதில் பொய் ஏதுமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று காலையில் அப்படியொரு குளிர். அக்கா ஏழு மணிக்கே ஆய்வகத்தைத் திறந்தாள். குழாய்த் தண்ணீரைத் தொட்டால் எலும்பு வரைக்கும் போயிற்று. இருபத்து நான்கு மேசைக்கும் இருபத்து நான்கு தட்டு. ஒவ்வொன்றிலும் முகவை, அளவு உருளை, வெப்பமானி, மெக்னீசிய நாடா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பாட்டில். அமிலத்தை முந்தின நாளே கலந்து அலமாரியில் வைத்திருந்தாள். கலந்த உடனே கொடுத்தால் அதில் சூடு இருக்கும், சோதனை கெட்டுவிடும். அறையின் குளிருக்கு அது வந்து சேரட்டும் என்றுதான் ஒரு நாள் முன்னதாகவே கலப்பது. அவ்வளவு கவனமான ஆள்.

சோதனை ரொம்ப எளிது. மூன்று சென்டிமீட்டர் நாடாவை அமிலத்தில் போட வேண்டும். குமிழி விட்டுக்கொண்டே அது கரைந்து காணாமல் போக எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் அறை வெப்பநிலையில், பிறகு அமிலத்தை வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கி முப்பது, நாற்பது, ஐம்பது டிகிரியில். பத்து டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குளிர்ந்த அமிலத்தில் நாடா ஆற அமரக் கரையும், சூடான அமிலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இதைப் பிள்ளைகள் ஒரு வருஷம் படிக்கிறார்கள், அக்கா பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள்.

அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. அறை வெப்பநிலையை ஆளுக்கு ஆள் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, அக்காவே சுவர் வெப்பமானியைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுவாள். பிள்ளைகள் அதை அப்படியே முதல் அளவுக்குப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கும் நாற்காலி மேல் ஏறிப் பார்த்து, 'அறை வெப்பநிலை 14' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

எழுதிவிட்டு இறங்கியபோது ஏழாம் மேசையைப் பார்த்தாள். அது பாப்பாவின் மேசை.

பாப்பாவுக்குக் குளிர் ஆகாது. சில்லென்று எதையாவது தொட்டால் விரல்கள் முதலில் வெள்ளையாகும், பிறகு நீலம் பாயும், பிறகு ஊசி குத்துகிற மாதிரி வலி. பயப்பட ஒன்றுமில்லை, சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கம்பளிக் கையுறை போட்டால் அந்த மெல்லிய நாடாவைப் பிடிக்க முடியாது. கழற்றினால் விரல் பிடிக்காது. செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் பாடத்திலேயே தேறாத மாதிரி. நர்சிங் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு வேதியியல் போனால் எல்லாமே போயிற்று.

கண்ணாடிச் சாமான்களைக் காயவைக்கிற ஓவன் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்தகடு எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏழாம் மேசைத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஓவன் மேல் வைத்தாள். முகவை சூடாகட்டும், உருளை சூடாகட்டும், பிள்ளை தொடும்போது இதமாக இருக்கட்டும். மனம் முழுக்க அந்த விரல்கள்தான். தட்டில் அமில பாட்டிலும் இருக்கிறதே என்பது அவள் புத்தியில் ஏறவேயில்லை. பாசம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தட்டை எடுத்து ஏழாம் மேசையில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு பின்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

தேர்வாளர் கழுத்தில் மப்ளர் சுற்றிய, சளி பிடித்த மனிதர். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். கெமிஸ்ட்ரி டீச்சர் அவர் பின்னாலேயே பதற்றத்தோடு நடந்தார். பிள்ளைகள் நாடாவை அளந்து வெட்டி, அமிலத்தை ஊற்றி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட்டார்கள். கூடம் முழுவதும் மெல்லிய இரைச்சல். அக்காவுக்குப் பிடித்த சத்தம் அது.

எல்லோரும் கடிகாரத்தையும் முகவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் மேசையில் பாப்பா மட்டும் பேனாவை எடுத்துவிட்டாள். அவளுடைய நாடா கரைந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் பாதிகூடக் கரையவில்லை.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.  பதினாலு என்று எழுதிய அந்தக் கரும்பலகை எதிரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. தேர்வு நடக்கும்போது உதவியாளர் கூப்பிடாமல் பேசக்கூடாது.

பாப்பா எழுதப் போனவள் நிறுத்தினாள். யோசித்தாள். பிறகு வெப்பமானியை எடுத்து அமில பாட்டிலுக்குள் விட்டாள். கூடத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை, பலகையில்தான் எழுதியிருக்கிறதே. பாதரசம் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

தேர்வாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"முப்பத்தொன்பது செகண்ட் சார்."

அவர் ஆறாம் மேசையைப் பார்த்தார், எட்டாம் மேசையைப் பார்த்தார். அங்கே நாடா இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆகுது. உன் ஆசிட்டுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?"

"என் ஆசிட் பதினாலு டிகிரி இல்லை சார். இருபத்தேழு இருக்கு. நான் இருபத்தேழுன்னு எழுதிக்கட்டுங்களா?"

அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ஆமா, வெதுவெதுன்னு இருக்கே. இந்தக் குளிர்ல இது எப்படி? சீக்கிரம் முடிச்சிடலாம்னு வெந்நீர்ல முக்கி வெச்சியா?"

"இல்லை சார்."

"அப்ப பாட்டில் தானாவே காய்ச்சல் வந்து சூடாயிருச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி, ஒரே ஒரு விநாடி, பின்சுவரைப் பார்த்தாள். அக்காவின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அக்காவுக்கும் தெரிந்தது. பாப்பா திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் சார். கை விறைச்சுப் போச்சு. பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ல வெச்சேன்."

தேர்வாளர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பேனாவின் மூடியைத் திறந்தார். "தேர்வுப் பொருள்ல கை வெச்சா என்ன எழுதணும்னு உங்க டீச்சர் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே. ஸைபர் தவிர வேற எதுவும் போட எனக்கு வழியில்லைம்மா."

கெமிஸ்ட்ரி டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பாப்பா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் நுனிகள் வெளுத்திருப்பது பின்சுவர் வரைக்கும் தெரிந்தது.

அக்கா நடந்தாள். பதினோரு வருஷத்தில் தேர்வு நேரத்தில் அவள் அந்தச் சுவரை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அவ பொய் சொல்றா" என்றாள்.

 மூன்றாம் மேசைப் பையன் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, அவனுடைய அளவும் அன்றைக்குப் போயிற்று.

"பாட்டிலை ஓவன் மேல வெச்சது நான். அவளுக்குக் குளிர் ஆகாது. கண்ணாடி சில்லுன்னு இருந்தா விரல் பிடிக்காது. அதனால தட்டோட தூக்கி வெச்சேன். ஆசிட்டும் அதுல இருந்ததை யோசிக்கலை."

"யோசிக்கலையா? நீங்க லேப் அசிஸ்டெண்ட்தானே?"

"ஆமா சார்."

"எல்லா நம்பருக்கும் அப்படி வெச்சீங்களா?"

"இல்லை. ஏழுக்கு மட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

இரண்டரை வருஷமாக யாரும் அவளை இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. கடைக்காரர் கேட்டால் "வீட்டுக்காரரோட பொண்ணு" என்பாள். பக்கத்து வீட்டார் கேட்டால் சிரித்து மழுப்புவாள். பாப்பா ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

"என் பொண்ணு சார்."

"படிவத்துல இல்லைன்னு எழுதியிருக்கே?"

"அதுல இரத்தத்தைத்தான் கேட்டிருந்தாங்க."

 தேர்வாளர் கைக்குட்டையை எடுத்து ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு பேனாவை மூடினார். "அலமாரியில கூடுதல் பாட்டில் இருக்கா? இருந்தா அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க டீச்சர், முதல் அளவைத் திரும்பச் செய்யட்டும். வெந்நீர் அது இதுன்னு அவ ஏதோ சொன்னா, எனக்குச் சளியில காது அடைச்சிருக்கு, சரியா விழலை." அக்காவிடம் திரும்பியபோது குரல் மாறியது. "நீங்க வெளிய போயிருங்க. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுங்க. இந்த வருஷம் எந்தத் தேர்வுப் பணியிலயும் உங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு நான் எழுதித்தான் ஆகணும்."

அக்கா ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். அவள் இடத்துக்கு அலுவலக எழுத்தரை அனுப்பினார்கள். பள்ளி வாசலில் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை உண்டு, அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விடாது, அது அவளுக்குத் தெரியும். அது இல்லை கவலை. பிள்ளையை எல்லார் முன்னாலும் பொய் சொல்கிறவள் என்று சொன்னாள். கேட்காமலே என் பொண்ணு என்று உரிமை கொண்டாடினாள். ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்த இரண்டரை வருஷ மரியாதையை ஒரே நாளில் கவிழ்த்துவிட்டோம் என்று நினைத்து அழுதாள். பெயருக்கு ஏற்ற மாதிரி கண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

தேர்வு முடிந்து பாப்பா வந்தாள். பின்னால் வந்த பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்படிச் செஞ்ச?"

"நல்லா செஞ்சேங்க."

"முதல் அளவு?"

"தொண்ணூத்தாறு செகண்ட்."

தொண்ணூற்றாறு. சரியான அளவு. அக்காவுக்கு உயிர் வந்தது. இருவரும் பஸ்ஸில் ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

 சாயங்காலம் பாப்பா டீயை வாங்கி நன்றி சொன்னாள். குடித்த டம்ளரைக் கழுவப் போனாள். அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிரு பாப்பா. எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பரவாயில்லைங்க."

அந்தப் 'பரவாயில்லைங்க' ஐஸ் தண்ணீரில் கைவிட்ட மாதிரி இருந்தது. அக்கா மேசை முன்னால் உட்கார்ந்து விளக்கக் கடிதத்தை எழுத ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கருவிப் பையோடு வந்தார். நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"சரி விடு, மார்க் தப்பிச்சுதுல்ல? நாளன்னைக்கு ஃபிசிக்ஸுக்கு நீ கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்க."

"ஃபிசிக்ஸுக்கு நான் இல்லை. பயாலஜிக்கும் இல்லை. இந்த வருஷம் என்னை உள்ளேயே விடமாட்டாங்க."

சமையலறையில் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. விழுந்ததா, எறிந்ததா தெரியவில்லை. அதன் பின்னாலேயே பாப்பா வந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"யாரு உங்களைப் பேசச் சொன்னது?"

அக்காவின் கையிலிருந்த பேனா நின்றது.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்ல? வாயை மூடிக்கிட்டு நின்னிருக்க வேண்டியதுதானே? எதுக்கு ஓடி வந்தீங்க?"

"ஸைபர் போட்டிருப்பாரு, பாப்பா."

"போட்டா போடட்டும்! அடுத்த வருஷம் எழுதிட்டுப் போறேன். பெரிய லேப் அசிஸ்டெண்ட்! பதினோரு வருஷ சர்வீஸ்! ஆசிட்டைச் சூடு பண்ணா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். மறந்து..."

"பாட்டிலைத் தொட்டதுமே யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கீழ வைக்க மனசு வராம அதைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். மத்தவங்க எல்லாம் நாடாவை வெட்டிக்கிட்டு இருக்காங்க, நான் பாட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். உங்களால எனக்கும் புத்தி போச்சு!"

"பாப்பா, மரியாதையாப் பேசு" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா அவர் பக்கம் பாய்ந்தாள். "எங்களுக்குள்ள நீங்க வராதீங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லிப்ட் நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு இப்போது அழுகையும் சேர்ந்துகொண்டது. "இப்ப ஃபிசிக்ஸுக்கு யாரு இருப்பா? பயாலஜிக்கு யாரு இருப்பா? யோசிச்சீங்களா? விரல் வெள்ளையாச்சுன்னா நான் திரும்பிப் பின்னாடி பார்ப்பேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு லேப்லயும் அதைத்தான் பண்றேன். சுவரோரமா நீங்க நிப்பீங்க. உங்களைப் பார்த்தா போதும், கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். இன்னிக்கு ரெண்டாவது பாட்டிலைத் திறக்கும்போது கை மரத்துப் போச்சு. திரும்பிப் பார்த்தேன். அங்க அந்த கிளார்க் காதைக் குடைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு!"

சொல்லிவிட்டு அவள் தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

அக்கா எழுந்தாள்.  ரெண்டு வருஷமா. ஒவ்வொரு லேப்லயும். அவளும்தான் அந்தச் சுவரோரம் நின்று ஒவ்வொரு வகுப்பிலும் ஏழாவதோ எட்டாவதோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் திரும்பும்போதெல்லாம், முறைத்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று அவசரமாகப் பார்வையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொள்வாள். எத்தனை தடவை அப்படி மாற்றியிருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுந்தத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தாள்.

"அடுத்த வருஷம் எழுதுவாளாம்! எழுதுவடி, எழுதுவ! யாரைக் கேட்டு ஸைபர் வாங்கப் போன நீ? உன் ஒரு வருஷம்னா உனக்கு அவ்வளவு இளப்பமா? வாயைத் திறந்தா பொய்! அதுவும் வெந்நீர்ல வெச்சேன்னு ஒரு பொய்! தொட்டியில தண்ணியே அப்ப காயலை, அதுகூடத் தெரியாம ஒரு பொய்!"

"எனக்கு எப்படித் தெரியும்? அவசரத்துக்கு அதுதான் வந்துச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்களுக்குப் பொய்யும் சொல்ல வராது, சொல்றவளையும் விடமாட்டீங்க!"

"விடமாட்டேன்தான்!"

"போய் லெட்டர் எழுதுங்க போங்க!"

"எழுதுறேன், எழுதாம என்ன. நாளன்னைக்கு உள்ள விடலைன்னா ஜன்னலுக்கு வெளிய நிக்கிறேன். அதை யாரு தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன். மூணாவது ஜன்னல். திரும்பிப் பாரு, அங்கதான் நிப்பேன்."

 உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாற்காலியில் இருந்த மனிதர் மெதுவாக எழுந்து, "சாப்பிட..." என்று ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"கதவைத் திற. நான் இன்னும் பேசி முடிக்கலை."

"நானும்தான் முடிக்கலை" என்று சொல்லிக்கொண்டே பாப்பா கதவைத் திறந்தாள்.